முக்கோணக் கணக்கு

கேள்வி ஒன்றரை வரிதான்:
கைவிடப்பட்ட ஒரு பஸ் ஸ்டாப்.
மூவாயிரம் முக்கோணத்துக்குள். ஏழு நாள்.
தேறினால் பிளஸ் டூ முடிந்ததும்
பெங்களூரில் பயிற்சி, பாதிச் சம்பளம்,
கேம் வெளிவரும்போது கடைசியில் பெயர்.

பனகுடிப் பள்ளிக்கூட லேபில்
பதினோரு கம்ப்யூட்டர்; மென்பொருள் திறப்பது மூன்றில்.
பேனா டேப்லெட் ஒன்றே ஒன்று.
ஆளுக்கு நாற்பது நிமிஷம் என்று
போர்டில் எழுதிய பெல்சியாவே
ஐம்பது நிமிஷம் வைத்துக்கொள்வாள்.

முதல் நாள் துரு பொறுக்கப் போனோம்.
மூடிக்கிடந்த சைக்கிள் கடை ஷட்டர்,
காற்றாலை வளாகத்துக் கம்பிவேலி,
உரக்கடையின் பக்கச் சுவர்.
மைதீன் செல்லில் எடுத்துக்கொண்டே போனான்.
"செவத்த எதுக்குல போட்டா புடிக்க?"
"கேமுக்கு அண்ணாச்சி."
"ஆளு யாரும் இல்லியே அதுல."
"ஆளு பொறவு வருவாவ. வந்து சுடுவாவ."
கடைக்காரர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

இரண்டாம் நாள் கூரை, தூண், பெஞ்சு.
மூன்றாம் நாள் எல்லாவற்றையும் தோலுரித்து
ஒரே சதுரத்துக்குள் விரித்து அடுக்க வேண்டும்,
அப்போதுதான் துரு ஒட்டும்.
என் சதுரத்தில் பாதி வெறும் இடம்.
"ஏட்டி, ஒங்க அம்மை பீடி இலை வெட்டுனா
இப்படியா மிச்சம் விடுவாவ?" என்றாள் பெல்சியா.
கோபம் வந்தது.
கோபத்தோடு திருப்பித் திருப்பி அடுக்கினேன்.
கூரையின் இடுக்கில் தூண் போய் உட்கார்ந்தது.

நான்காம் நாள் கரண்ட் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே முந்நூறு காற்றாடி
யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் எண்ணினால்
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
அழிக்கணும்.
கேமரா போகாத பக்கம் தேவையில்லை.
போஸ்டரின் முதுகு போனது.
பெஞ்சின் அடிப்பக்கம் போனது,
காம்பஸ் முள்ளால் கீறிய ரெண்டு பேரோடு.
தூரத்தில் இருப்பதற்கு இன்னும் மலிவான கணக்கு:
மகேந்திரகிரிக்குப் பதினெட்டு.
காற்றாடிக்கு ஆளுக்கு ரெண்டு,
மேலே ஒரு படம் ஒட்டினால் போதும்.
கிட்டத்தில் வந்தால்தான் இறக்கை முளைக்கும்.

காவல்கிணறு விலக்கில்
திரும்ப முடியாமல் நின்றதே ஒரு லாரி,
ஒரே ஒரு இறக்கையைச் சுமந்துகொண்டு.
பின்னால் எட்டு பஸ்,
அதில் ஒன்று எங்கள் பரீட்சைக்குப் போன பஸ்.
பெங்களூரிலிருந்து பார்த்தால்
நாங்கள் எத்தனை முக்கோணம்?
சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல.
"தூக்கம் வருதா?" என்றான் மைதீன்.

ஆறாம் நாள் ஞாயிறு, லேப் பூட்டு.
வீட்டில் நர்ஸிங் காலேஜ் பாரம்
பாதி நிரப்பி அலமாரிமேல் கிடக்கிறது.
அதன் பின்பக்கத்தில்
பென்சிலால் தூணுக்கு நிழல் போட்டுப் பார்த்தேன்.

ஏழாம் நாள் சாயங்காலம்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.
"அனுப்பு," என்றான் மைதீன்.
மிச்சம் பன்னிரண்டு இருக்கிறதே.
பன்னிரண்டில் ஒரு பெட்டி வரும்.
ஆறு முகம், முகத்துக்கு ரெண்டு.
கொஞ்சம் நீட்டினால் செங்கல்.

எங்கள் ஸ்டாப்பில் ஒன்று கிடக்கிறது.
ஐந்து நாற்பது வள்ளியூர் வண்டி
வளைவில் தெரிகிறதா என்று
பெல்சியா ஏறி நின்று எட்டிப் பார்ப்பது.
தூணுக்குப் பக்கத்தில் வைத்து
மேல்முகத்தை மட்டும் தேய்த்துவிட்டேன்.

"கைவிடப்பட்டதுன்னுதான கேட்டிருக்காவ?
இதுல ஆரோ நிக்க மாதில்லா இருக்கு."
பெல்சியா ஒன்றும் சொல்லவில்லை.
டேப்லெட்டை வாங்கி
செங்கல்லின் ஓரத்தில்
கொஞ்சம் செம்மண் பூசினாள்.
நாற்பது நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

அனுப்பினோம். வட்டம் சுற்றியது.
எழுபத்தாறு சதவீதத்தில் நிற்கும்போது
வெளியே ஹாரன்.
மீதி இருபத்துநாலை
வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு
ஓடினோம்.